எம்ஆர்ஐல இருந்து மூளைப் பகுதி மாஸ்க்: சாஃப்ட்வேர் எதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி

கேள்வி சுருக்கமா இதான்: முப்பது பேரோட டி1 எம்ஆர்ஐ (மூளையோட வடிவத்தைக் காட்டற ஸ்கேன்) இருக்கு, அதே ஆளுங்களோட ரெஸ்டிங் எஃப்எம்ஆர்ஐயும் (சும்மா படுத்திருக்கும்போது மூளையோட செயல்பாட்டைப் பதிவு பண்ற ஸ்கேன்) இருக்கு, ஹிப்போகேம்பஸ் (நினைவுக்கான பகுதி), அமிக்டலா (உணர்ச்சிக்கான பகுதி), டிஎல்பிஎஃப்சி (நெத்திக்குப் பின்னால பக்கவாட்டுல இருக்கற பகுதி) மூணுக்கும் மாஸ்க் வேணும், ரெடிமேட் அட்லஸ்ல (மூளைப் பகுதிகளுக்கு பேர் போட்டு வச்ச வரைபடம்) இருந்து எடுத்தா போதுமா, ஃப்ரீசர்ஃபர்ங்கற சாஃப்ட்வேரை ஓட்டணுமா, இல்ல உக்காந்து கையால வரையணுமா?

எல்லாரும் சாஃப்ட்வேர்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. நான் முதல்ல கேக்கறது வேற, அந்த மாஸ்க்கை எது மேல கொண்டு போய் வைக்கப் போறீங்க? டி1 மேலயே வச்சு வால்யூம் அளக்கப் போறீங்களா, அந்தந்த ஆளோட எஃப்எம்ஆர்ஐ மேல வச்சு டைம் சீரிஸ் (நேரம் போகப் போக சிக்னல் எப்படி மாறுதுங்கறது) எடுக்கப் போறீங்களா, இல்ல முப்பது பேரையும் எம்என்ஐ டெம்ப்ளேட்டுக்கு (பல பேரோட மூளையை சராசரி எடுத்த பொது மூளைப் படம்) இழுத்துட்டு வந்து அங்க எல்லாருக்கும் ஒரே மாஸ்க்கை போடப் போறீங்களா? மூணும் மூணு வேலை. மாஸ்க்னா என்ன, ஸ்கேன் மாதிரியே கட்டம் கட்டமா இருக்கற இன்னொரு படம், நமக்கு வேண்டிய வாக்ஸல்ல (வாக்ஸல்னா ஒரு கட்டம்) 1, மத்த எல்லாத்துலயும் 0, அவ்வளவுதான். அதை உருவாக்கறது ஒரு வரி கமாண்ட். அது சரியான ஸ்பேஸ்ல, சரியான கிரிட்ல, சரியான பக்கத்துல இருக்கான்னு உறுதி பண்றதுலதான் பாதி ப்ராஜெக்ட்டே போகும், பேப்பர்ல அதுக்கு ஒரு வரி கூட எழுத மாட்டாங்க.

முதல்ல அட்லஸ் வழி. எஃப்எஸ்எல்னு ஒரு மூளைப்பட சாஃப்ட்வேர் போட்டீங்கன்னா அதோடயே ஹார்வர்ட்-ஆக்ஸ்ஃபோர்ட் அட்லஸ் வந்துடும், கார்டெக்ஸுக்கு (மூளையோட மேல் மடிப்பு அடுக்கு) 48 பகுதி, சப்கார்டிகல்ல (அதுக்கு அடில இருக்கறது) 21. 18 வயசுல இருந்து 50 வயசு வரைக்கும் உள்ள 37 பேரோட மூளையை வச்சு பண்ணது. அதுல ப்ராபபிலிட்டி மேப் ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு வாக்ஸலும் எத்தனை சதவீதம் பேருக்கு இந்தப் பகுதியா இருந்துச்சுன்னு, அப்புறம் அதையே 0, 25, 50 சதவீதத்துல வெட்டி, ஒவ்வொரு வாக்ஸலுக்கும் அதிக வாய்ப்புள்ள பகுதியோட நம்பரைப் போட்டு வச்ச மேக்ஸ்ப்ராப் ஃபைல்கள் இருக்கும். 25ல வெட்டினது கொஞ்சம் தாராளமா இருக்கும், 50ல வெட்டினது இறுக்கமா இருக்கும், எதை எடுத்தீங்கன்னு கண்டிப்பா எழுதி வைங்க, ஏன்னா அமிக்டலா மாதிரி சின்ன பகுதிக்கு இந்த ஒரு முடிவே வாக்ஸல் எண்ணிக்கையை கணிசமா மாத்திடும்.

இந்த அட்லஸ்ல எல்லாரும் விழற குழி ஒண்ணு இருக்கு, அதை மட்டும் நிதானமா சொல்லிடறேன். பேர் பட்டியல் இருக்கற எக்ஸ்எம்எல் ஃபைலை தொறந்தீங்கன்னா இன்டெக்ஸ் 0ல இருந்து ஆரம்பிக்கும், அதுல லெஃப்ட் ஹிப்போகேம்பஸுக்கு 8ன்னு போட்டிருக்கும். ஆனா மேக்ஸ்ப்ராப் இமேஜ்ல 0ங்கறது வெறும் பேக்ரவுண்ட், அதனால எல்லாமே ஒண்ணு தள்ளிப் போகும், லெஃப்ட் ஹிப்போகேம்பஸ் அங்க 9. நீங்க பட்டியலைப் பாத்து எஃப்எஸ்எல்மேத்ஸ்ங்கற கமாண்ட்ல கீழ் வரம்பும் மேல் வரம்பும் 8ன்னு குடுத்து பைனரைஸ் (0-1ஆ மாத்தறது) பண்ணீங்கன்னா எந்த எர்ரரும் வராது, அழகா ஒரு மாஸ்க் வரும், தொறந்து பாத்தா அது பிரெயின் ஸ்டெம். அது கண்ணுக்கு உடனே தெரிஞ்சுடும், பரவால்ல. கார்டெக்ஸ்ல ஒண்ணு தள்ளிப் போனா பக்கத்துல இருக்கற இன்னொரு மடிப்பு வந்து உக்காரும், அனுபவம் இல்லாத கண்ணு அதைப் பாத்து சரின்னு சொல்லிடும். ப்ராபபிலிட்டி மேப் 4டி ஃபைலா இருக்கும், அதுல வால்யூம் நம்பர் 0ல இருந்துதான், அங்க 8 சரி. ஒரே அட்லஸ், ரெண்டு ஃபைல், ரெண்டு நம்பர்.

ஏஏஎல் அட்லஸ் இன்னும் நிறைய பேர் எஸ்பிஎம்ங்கற சாஃப்ட்வேரோட சேத்து யூஸ் பண்றாங்க, 2002ல வந்தது, 116 பகுதி. அது வரையப்பட்டது ஒரே ஒரு ஆளோட மூளை மேல, அவரை 27 தடவை ஸ்கேன் பண்ணி சராசரி எடுத்த காலின்27 இமேஜ் அது. படம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், ஆனா அந்த மடிப்பெல்லாம் அவரோட மடிப்பு. கனெக்டிவிட்டி (பகுதிகளுக்கு நடுவுல இருக்கற தொடர்பு) மாதிரி மூளை முழுக்க மொத்தமா பாக்கற வேலைக்கு ஓகே, ஹிப்போகேம்பஸ் எல்லையை அதுல நம்பறது எனக்கு சம்மதம் இல்ல.

எம்என்ஐ152ன்னு சொன்னாலே ஒரே டெம்ப்ளேட்னு நினைக்கறாங்க, அதுவும் இல்ல. எஃப்எஸ்எல் கூட வர்றது ஆறாவது தலைமுறை நான்லீனியர் வெர்ஷன், எஃப்எம்ஆர்ஐப்ரெப்னு எஃப்எம்ஆர்ஐ டேட்டாவைத் தயார் பண்ற சாஃப்ட்வேரை சும்மா ஓட்டினா டிஃபால்ட்டா குடுக்கறது 2009சி அசிமெட்ரிக் வெர்ஷன். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அந்த கிட்டத்தட்டங்கறது சில இடத்துல சில மில்லிமீட்டர். பெரிய கார்டிகல் பகுதிக்கு கவலைப்பட வேணாம், அமிக்டலாவுக்கு கவலைப்படணும். எஃப்எம்ஆர்ஐப்ரெப்ல அவுட்புட் ஸ்பேஸ் எதுன்னு நாமளே சொல்லலாம், ஆறாவது தலைமுறையை கேட்டு வாங்கிட்டா ஹார்வர்ட்-ஆக்ஸ்ஃபோர்டோட ஒத்துப்போயிடும்.

இன்னொரு விஷயம், உங்க முப்பது பேர்ல வயசானவங்க இருக்காங்களா? 70 வயசுக்கு மேல வென்ட்ரிக்கிள் (மூளைக்குள்ள இருக்கற தண்ணி அறை) பெருசாகி, ஹிப்போகேம்பஸ் சுருங்கி இருக்கும், இளம் வயசு ஆளுங்களை வச்சு பண்ண அட்லஸ் மாஸ்க்கை அங்க போட்டா மாஸ்க்ல ஒரு பகுதி டெம்போரல் ஹார்ன் (அந்த அறையோட ஒரு நீட்சி) தண்ணிக்குள்ள இருக்கும். நீங்க அளக்கறது ஹிப்போகேம்பஸ் சிக்னலா சிஎஸ்எஃப் (அந்த மூளைத் தண்ணி) சிக்னலான்னே தெரியாது. இந்திய மூளைக்கு எம்என்ஐ பொருந்துமாங்கற கேள்வியும் வரும், எம்என்ஐ152 சராசரி மூளையை விட பெருசா இருக்கறது தெரிஞ்ச விஷயம்தான், ஹைதராபாத் ஐஐஐடில 100 பேரை வச்சு ஐபிஏ100ன்னு ஒரு இந்திய டெம்ப்ளேட்டும் பண்ணியிருக்காங்க. ஆனா நான்லீனியர் ரெஜிஸ்ட்ரேஷன் (ஒரு மூளையை வளைச்சு நெளிச்சு இன்னொண்ணோட பொருத்தறது) ஒழுங்கா பண்ணா சைஸ் வித்தியாசத்தை அதுவே சமாளிச்சுடும், பேப்பரை மத்தவங்க ரிசல்ட்டோட ஒப்பிடணும்னா எம்என்ஐலயே இருக்கறது சௌகரியம்.

சரி, உங்க கேஸுக்கு நான் சொல்றது ஃப்ரீசர்ஃபர். ஹிப்போகேம்பஸும் அமிக்டலாவும் ஒவ்வொரு ஆளுக்கும் அவங்கவங்க மூளைலயே எடுங்க, அட்லஸை வெளியில இருந்து போடாதீங்க. பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டலோட மார்ட்டினோஸ் சென்டர்ல இருந்து வர்ற சாஃப்ட்வேர், இலவசம், லைசென்ஸ் ஃபைல் மட்டும் மெயில்ல வாங்கிக்கணும். 1 மில்லிமீட்டர் ஐசோட்ரோபிக் (மூணு பக்கமும் ஒரே அளவு) எம்பிரேஜ் (ஒரு வகை டி1 ஸ்கேன்) இருந்தா ரீகான்-ஆல்னு ஒரே கமாண்ட், ஒரு ஆளுக்கு சில மணி நேரம் ஓடும், ஒரு நல்ல வொர்க் ஸ்டேஷன்ல நாலஞ்சு பேரை பேரலலா போட்டு விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். அவசரம்னா ஜெர்மனில பான்ல இருந்து வர்ற ஃபாஸ்ட்சர்ஃபர் இருக்கு, டீப் லேர்னிங், ஜிபியு இருந்தா செக்மென்டேஷன் (பகுதி பகுதியா பிரிக்கறது) மட்டும் ஒரு நிமிஷத்துல முடிச்சுடும்.

முடிஞ்சதும் ஏசெக்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பர். இடது ஹிப்போகேம்பஸ் 17, வலது 53, இடது அமிக்டலா 18, வலது 54. எம்ஆர்ஐ_பைனரைஸ்ல மேட்ச் ஆப்ஷனுக்கு 17ன்னு குடுத்தா மாஸ்க் ரெடி, 17, 53 ரெண்டையும் குடுத்தா ரெண்டு பக்கமும் சேந்து வரும். இங்க ஒண்ணு தள்ளற பிரச்சனை இல்ல, கலர் எல்யுடி (எந்த நம்பர் எந்த பகுதிங்கற பட்டியல்) ஃபைல்ல இருக்கற நம்பர்தான் இமேஜ்லயும்.

ஆனா இந்த மாஸ்க் உங்க ஒரிஜினல் டி1 மேல நேரா உக்காராது. ஃப்ரீசர்ஃபர் உள்ள வாங்கும்போதே ஸ்கேனை 256 க்கு 256 க்கு 256, ஒவ்வொண்ணும் 1 மில்லிமீட்டர்னு மாத்திடும், ஸ்லைஸ் திசையையும் திருப்பி வச்சுடும். உங்க ஸ்கேன் 1.2 மில்லிமீட்டர் ஸ்லைஸா இருந்தா கட்டங்களே வேற. அதனால எம்ஆர்ஐ_லேபிள்2வால்ல டெம்ப்ளேட்டா ராஏவ்ஜி (rawavg, உங்க ஒரிஜினல் கட்டத்துலயே இருக்கற டி1) ஃபைலைக் குடுத்து, ஹெடர் (படம் எங்க, எந்த திசைல இருக்குன்னு ஃபைலுக்குள்ள இருக்கற தகவல்) வச்சே ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லி, நேட்டிவ் ஸ்பேஸுக்கு, அதாவது அந்த ஆளோட ஒரிஜினல் ஸ்கேனுக்கு, திருப்பிக் கொண்டு வாங்க. ரெண்டு ஃபைலையும் வியூவர்ல ஒண்ணு மேல ஒண்ணு போட்டா சரியாத்தானே தெரியுதுன்னு சொல்லுவீங்க, வியூவர் ஹெடரைப் படிச்சு அதுவே சரி பண்ணிக் காட்டும், பைத்தான்ல ரெண்டு அர்ரேயையும் பெருக்கினீங்கன்னா அது ஹெடரைப் பாக்காது. ஷேப் ஒண்ணா இருந்தா மட்டும் போதாது, அஃபைன் மேட்ரிக்ஸும் (எந்த கட்டம் எந்த மில்லிமீட்டர் இடத்துலன்னு சொல்றது) ஒண்ணா இருக்கணும், அதை ஒரு வரி கோட்ல செக் பண்ணிட்டு மேல போங்க.

டிஎல்பிஎஃப்சிக்கு வருவோம். இதுக்கு ஃப்ரீசர்ஃபர்லயும் பேர் இருக்காது, ஹார்வர்ட்-ஆக்ஸ்ஃபோர்ட்லயும் இருக்காது, தேடி அலுத்துதான் கேட்டிருப்பீங்க. ஏன்னா அது உடற்கூறு எல்லை உள்ள பகுதி இல்ல. ஹிப்போகேம்பஸுக்கு சுத்தி வெள்ளைப் பொருளும் (நரம்பு நார் ஓடற திசு) தண்ணியும் இருக்கு, கண்ணால எல்லை பாக்கலாம். டிஎல்பிஎஃப்சின்னு சொல்றது செல் அடுக்கை வச்சு ப்ராட்மன் 9, 46ன்னு பிரிச்ச ஏரியாவை ஒட்டின ஒரு வேலைசார்ந்த பேரு, எம்ஆர்ஐல அந்த கோடு தெரியாது. ஆகவே நீங்கதான் வரையறை குடுக்கணும். பொதுவா ஏத்துக்கற ஒண்ணு, ஃப்ரீசர்ஃபர்ல வர்ற டெசிகன்-கில்லியனி கார்டெக்ஸ் பிரிப்புல ராஸ்ட்ரல் மிடில் ஃப்ரன்டலையும் காடல் மிடில் ஃப்ரன்டலையும் சேக்கறது, ஏபார்க்-ப்ளஸ்-ஏசெக் ஃபைல்ல இடதுக்கு 1027, 1003, வலதுக்கு 2027, 2003. இது ரொம்ப பெரிய மாஸ்க், முன்பக்கம் ஃப்ரன்டல் போல் கிட்ட வரைக்கும் போகும், சராசரி சிக்னல் எடுத்தா உள்ள இருக்கற வித்தியாசமெல்லாம் கரைஞ்சுடும். இன்னொரு வழி ஏற்கெனவே வந்த ஸ்டடியோட கோஆர்டினேட்டை மையமா வச்சு 6 இல்ல 8 மில்லிமீட்டர் உருண்டை போடறது. அப்படி போட்டா உருண்டைல பாதி வெள்ளைப் பொருளாவே இருக்கலாம், க்ரே மேட்டர் (நரம்பு செல்கள் இருக்கற திசு) மாஸ்க்கோட பெருக்கிட்டு மிச்சம் எத்தனை வாக்ஸல்னு பாருங்க. எதை எடுத்தாலும் பேப்பர்ல வெறுமனே டிஎல்பிஎஃப்சி மாஸ்க்னு எழுதிட்டு போயிடாதீங்க, ரிவ்யூவர் முதல் கேள்வியா அதைத்தான் கேப்பாரு.

அடுத்தது எஃப்எம்ஆர்ஐக்கு கொண்டு போறது, இங்கதான் சைஸ் கணக்கு மண்டைல ஏறணும். ஒரு பக்க ஹிப்போகேம்பஸ் சுமார் 3500 கன மில்லிமீட்டர்னு வைங்க, 1 மில்லிமீட்டர் டி1ல அது 3500 வாக்ஸல். எஃப்எம்ஆர்ஐ 3 மில்லிமீட்டர் ஐசோட்ரோபிக்னா ஒரு வாக்ஸல் 27 கன மில்லிமீட்டர், அதே ஹிப்போகேம்பஸ் 130 வாக்ஸலுக்கு வந்துடும். அமிக்டலா 1500னு வச்சா வெறும் 55. அதுலயும் பெரும்பாலானது விளிம்பு வாக்ஸல், பாதி அமிக்டலா பாதி வேற ஏதோ. இந்த அளவுல ரெஜிஸ்ட்ரேஷன் ஒரு வாக்ஸல் நகந்தா நீங்க அளக்கறது அமிக்டலாவே இல்ல.

எஃப்எம்ஆர்ஐயை டி1க்கு ரெஜிஸ்டர் பண்ண பௌண்டரி பேஸ்டு முறையை யூஸ் பண்ணுங்க, ஃப்ரீசர்ஃபர்ல பிபிரெஜிஸ்டர், எஃப்எஸ்எல்ல ஈபிஐ_ரெக். க்ரே மேட்டரும் வைட் மேட்டரும் (வெள்ளைப் பொருள்) சந்திக்கற கோட்டைப் பிடிச்சு ஒட்ட வைக்கறதால சாதா ரெஜிஸ்ட்ரேஷனை விட நல்லா வரும். கிடைக்கற மேட்ரிக்ஸ் எஃப்எம்ஆர்ஐல இருந்து டி1க்கு போறது, உங்க மாஸ்க் போக வேண்டியது எதிர் திசை, இன்வர்ஸ் எடுத்துட்டுதான் அப்ளை பண்ணணும். ஆன்ட்ஸ்ங்கற ரெஜிஸ்ட்ரேஷன் சாஃப்ட்வேர்ல பண்றவங்களுக்கு இன்னொரு தலைவலி, ட்ரான்ஸ்ஃபார்ம் ஃபைல்களை கமாண்ட்ல குடுக்கற வரிசை தலைகீழ், கடைசியா எழுதினதுதான் முதல்ல அப்ளை ஆகும்.

இன்டர்போலேஷன், அதாவது புது கட்டத்துக்கு நகத்தும்போது அங்க என்ன மதிப்பை நிரப்பறதுங்கறது, அதைப் பத்தி கண்டிப்பா சொல்லணும். ஏசெக் மாதிரி பல நம்பர் இருக்கற ஃபைலை நகத்தும்போது நியரஸ்ட் நெய்பர் (பக்கத்துல இருக்கற வாக்ஸலோட நம்பரை அப்படியே எடுக்கறது), இல்ல ஆன்ட்ஸ்ல ஜெனரிக்லேபிள், வேற எதுவும் கூடாது. ட்ரைலீனியர் (சுத்தி இருக்கற மதிப்பை சராசரி எடுக்கறது) குடுத்தா என்ன ஆகும்னு பாருங்க: இடது புட்டாமென் (மூளை ஆழத்துல இருக்கற ஒரு பகுதி) 12, அதை ஒட்டி இருக்கற செரிப்ரல் வெள்ளைப் பொருள் 2. எல்லைல இருக்கற வாக்ஸலுக்கு ரெண்டுத்துக்கும் சராசரி 7. ஃப்ரீசர்ஃபர் கணக்குல 7ங்கறது இடது செரிபெல்லத்தோட (சிறுமூளை) வெள்ளைப் பொருள். மூளை நடுவுல புட்டாமெனைச் சுத்தி ஒரு மெல்லிசு செரிபெல்லம் வளையம் வந்து நிக்கும். அதே ஒரே ஒரு பகுதியோட 0-1 மாஸ்க்கா பிரிச்சு எடுத்த அப்புறம்னா கதை வேற, 1 மில்லிமீட்டர்ல இருந்து 3க்கு போகும்போது நியரஸ்ட் நெய்பர் நடுப்புள்ளியை மட்டும் பாத்து முடிவு பண்ணும், ஓரம் கரடுமுரடா வரும். அந்த 27 குட்டி வாக்ஸல்ல எத்தனை 1னு பங்கு கணக்கு பண்ணி 0.5க்கு மேல இருந்தா வச்சுக்கறது நல்லது, லேபிள்2வால்ல இருக்கற ஃபில்த்ரெஷ் ஆப்ஷன் அதுக்குத்தான்.

மாஸ்க் எஃப்எம்ஆர்ஐ ஸ்பேஸுக்கு வந்தாச்சுன்னா அந்த ஆளோட எஃப்எம்ஆர்ஐ பிரெயின் மாஸ்க்கோட பெருக்கிடுங்க. சைனஸ், காதுக்குழி பக்கத்துல காத்து இருக்கறதால ஆர்பிட்டோஃப்ரன்டல்லயும் (கண்ணுக்கு மேல இருக்கற பகுதி) டெம்போரல் அடிப்பக்கத்துலயும் சிக்னல் செத்துப் போயிருக்கும், அமிக்டலாவும் அந்த ஏரியாதான். டி1ல அழகா இருக்கற மாஸ்க் எஃப்எம்ஆர்ஐல கறுப்புக் குழிக்கு மேல தொங்கும். பெருக்கின அப்புறம் யாருக்கு எத்தனை வாக்ஸல் மிஞ்சுதுன்னு ஒரு டேபிள் போடுங்க, ஒருத்தருக்கு 50, இன்னொருத்தருக்கு 12னா அந்த 12ஐ எடுத்துப் போய் கோரிலேஷன் போடாதீங்க. நியூசன்ஸ் ரெக்ரஷனுக்கு (வேண்டாத சிக்னலைக் கழிக்கறது) எடுக்கற வைட் மேட்டர், சிஎஸ்எஃப் மாஸ்க்கை மட்டும் ஒரு வாக்ஸல் இரோட் (ஓரத்தைச் சுரண்டி எடுக்கறது) பண்ணுங்க, க்ரே மேட்டர் கலக்காம இருக்கும். அமிக்டலாவை இரோட் பண்ணா ஒண்ணும் மிஞ்சாது.

அடுத்தது இடது வலது குழப்பம். எஃப்எஸ்எல் வியூவர் டிஃபால்ட்டா ரேடியாலஜி வழக்கப்படி காட்டும், ஆளோட இடது உங்க வலது கைப்பக்கம். வேற சில வியூவர் நேர் எதிரா காட்டும். ஃபைலுக்குள்ள படத்தோட இடத்தையும் திசையையும் சொல்ற க்யூஃபார்ம், எஸ்ஃபார்ம்னு ரெண்டு மேட்ரிக்ஸ் இருக்கு, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலன்னா எந்த சாஃப்ட்வேர் எதை நம்பும்னு சொல்ல முடியாது. பழைய அனலைஸ் ஃபார்மேட்ல வந்த டேட்டான்னா இடம்-வலம் தகவலே ஒழுங்கா இருக்காது. மூளையைப் பாத்து எது இடதுன்னு கண்டுபிடிக்க முடியாது, கிட்டத்தட்ட சிமெட்ரிக். அதனாலதான் ஸ்கேன் எடுக்கும்போதே சில லேப்ல வலது நெத்திப் பக்கம் ஒரு விட்டமின் ஈ கேப்ஸ்யூல் ஒட்டி விட்டுடுவாங்க, உள்ள இருக்கற எண்ணெய் டி1ல பளிச்சுனு தெரியும், எந்த கன்வெர்ஷன்ல எப்படி திரும்பினாலும் வெள்ளைப் புள்ளி இருக்கறது வலது. இனிமே எடுக்கப் போற ஸ்கேனுக்காவது இதைப் பண்ணுங்க.

கையால வரையணுமான்னு கேட்டீங்க. முப்பது பேருக்கும் வேணாம். ஆனா பாக்கறது கண்டிப்பா கண்ணாலதான், முப்பது பேரையும், மூணு திசைலயும், மாஸ்க்கை நிரப்பாம வெறும் அவுட்லைனா போட்டு. நிரப்பிப் போட்டா அடில என்ன இருக்குன்னே தெரியாது. ஹிப்போகேம்பஸுக்கும் அமிக்டலாவுக்கும் நடுவுல இருக்கற எல்லையை கொரோனல்ல (முன்னாடி இருந்து பாக்கற வெட்டு) பாக்கறதை விட சஜிட்டல்ல (பக்கவாட்டுல இருந்து பாக்கற வெட்டு) பாக்கறது சுலபம், டெம்போரல் ஹார்னோட முன் நுனி அங்க ரெண்டுக்கும் நடுவுல கறுப்பா நுழையும். ஃப்ரீசர்ஃபர் வழக்கமா சொதப்பற இடம், மேல ஒட்டி இருக்கற கோராய்டு ப்ளெக்ஸஸை (மூளைத் தண்ணியை சுரக்கற திசு) ஹிப்போகேம்பஸோட சேத்துக்கறது, அப்புறம் வால் பக்கம். இடது வலது வால்யூமை ஒரு ஸ்காட்டர் ப்ளாட் போடுங்க, வலது கொஞ்சம் பெருசா இருக்கறது சாதாரணம், ஆனா ஒரே ஒரு ஆள் மட்டும் கூட்டத்தை விட்டு தனியா நின்னா அவரோட ஸ்கேனை முதல்ல தொறங்க.

அப்படி தப்பா இருக்கறவங்களுக்கு மட்டும் ஐடிகே-ஸ்னாப்ங்கற சாஃப்ட்வேர்ல கையால திருத்துங்க. எல்லா ஸ்லைஸும் வரையத் தேவையில்ல, மூணு நாலு ஸ்லைஸுக்கு ஒண்ணு பாலிகன்ல வரைஞ்சுட்டு நடுவுல இருக்கறதை இன்டர்போலேட் பண்ணச் சொல்லலாம், அப்புறம் மத்த ரெண்டு திசைலயும் பிரஷ்ஷால சரி பண்ணிக்கலாம். எல்லை எங்கன்னு உங்க இஷ்டத்துக்கு முடிவு பண்ணாதீங்க, ஹிப்போகேம்பஸுக்கு ஹார்ப்னு ஒரு பொது புரோட்டோகால் இருக்கு, அல்சைமர் ஆராய்ச்சிக்காக பல லேப் சேந்து ஒத்துக்கிட்டது, அதை பிரிண்ட் எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க. ரெண்டு பேர் தனித்தனியா வரைஞ்சு டைஸ் ஸ்கோர் (ரெண்டு மாஸ்க்கும் எவ்வளவு ஒண்ணு மேல ஒண்ணு விழுதுன்னு 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு அளவு) பாக்கணும். கணக்கு சுலபம், ஒருத்தர் 3000 வாக்ஸல், இன்னொருத்தர் 3400, பொதுவா இருக்கறது 2700னா 5400ஐ 6400ஆல வகுத்து 0.84. ஹிப்போகேம்பஸுக்கு இது பரவால்ல ரகம். அமிக்டலாவுக்கு இதைவிட குறைஞ்சா உடனே பதறாதீங்க, சின்ன பகுதின்னா ஓரத்துல ஒரு அடுக்கு வித்தியாசமே ஸ்கோரை கீழ இழுத்துடும்.

ஹிப்போகேம்பஸ் சப்ஃபீல்டு, அதாவது சிஏ1, சப்பிக்குலம் எல்லாம் பிரிச்சுக் குடுக்கற கமாண்டும் ஃப்ரீசர்ஃபர்ல இருக்கேன்னு அடுத்து கேப்பீங்க. 1 மில்லிமீட்டர் டி1ல அந்த உள் கோடுகள் தெரியாது, சாஃப்ட்வேர் தன்கிட்ட இருக்கற அட்லஸை வச்சு ஊகிச்சு வரையும். தனியா ஹை ரெசல்யூஷன் டி2 (இன்னொரு வகை எம்ஆர்ஐ) எடுத்திருந்தா பாக்கலாம், இல்லன்னா விட்டுடுங்க.

உங்க டேட்டால சிலது ஹாஸ்பிட்டல் ரொட்டீன் ஸ்கேன், 5 மில்லிமீட்டர் ஸ்லைஸ், டி2வோ ஃப்ளேர்ங்கற வகையோ மட்டும்னா ரீகான்-ஆல் வேலைக்கு ஆகாது. அதுக்கு சின்த்செக் ஓட்டிப் பாருங்க, கான்ட்ராஸ்ட்டையும் ரெசல்யூஷனையும் தாறுமாறா மாத்தி செயற்கையா உருவாக்கின இமேஜ்ல பயிற்சி குடுத்த நெட்வொர்க், எதைக் குடுத்தாலும் 1 மில்லிமீட்டர்ல செக்மென்டேஷன் தரும். லேபிள் நம்பர் அதே ஃப்ரீசர்ஃபர் நம்பர்தான், 17, 53. ஆனா பாதி பேருக்கு எம்பிரேஜ்ல ரீகான்-ஆல், மீதி பேருக்கு ஃப்ளேர்ல சின்த்செக்னு கலந்து வால்யூம் ஒப்பிடாதீங்க, அப்படி கலந்தே ஆகணும்னா எல்லாருக்கும் சின்த்செக்கே போடுங்க.

கடைசியா, யாருக்காவது ஸ்ட்ரோக் லீஷனோ (ஸ்ட்ரோக்ல சேதமான இடம்) ட்யூமரோ இருந்தா அவங்களை இந்த பைப்லைன்ல மத்தவங்களோட சேத்து தள்ளிடாதீங்க. எம்என்ஐக்கு நான்லீனியர் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணும்போது டெம்ப்ளேட்ல லீஷன் கிடையாது, அதனால சாஃப்ட்வேர் அந்த ஓட்டையை எப்படியாவது சுருக்கி மறைக்கப் பாக்கும், பக்கத்துல இருக்கற நல்ல திசுவையும் சேத்து இழுத்துடும். முதல்ல லீஷனை நேட்டிவ் ஸ்பேஸ்ல கையால வரைஞ்சு ஒரு மாஸ்க் பண்ணுங்க, இந்த இடத்துல கை வேலை தவிர்க்க முடியாது. அப்புறம் அதைத் தலைகீழாக்கி, லீஷன் 0 மத்தது 1னு, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு வெயிட்டா குடுக்கணும், எஃப்எஸ்எல் ஃப்ளிர்ட்ல இன்வெயிட், ஆன்ட்ஸ்ல எக்ஸ் ஆப்ஷன். லீஷன் ரொம்ப பெருசுன்னா எதிர்ப்பக்க நல்ல திசுவை கண்ணாடி பிம்பமா எடுத்து அந்த ஓட்டைல நிரப்பிட்டு ரெஜிஸ்டர் பண்ற முறை நல்லா வேலை செய்யும், ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல லீஷன் இருந்தா அதுவும் ஆகாது, அப்ப வெயிட் முறைதான். எப்படி பண்ணாலும் கடைசில ஹிப்போகேம்பஸ் மாஸ்க்ல இருந்து லீஷன் மாஸ்க்கை கழிச்சுடுங்க, இல்லன்னா செத்த திசுவோட சிக்னலும் உங்க சராசரிக்குள்ள வந்துடும்.